மூன்றாவது கணு

தேநீருக்கு நன்றி. சர்க்கரை வேண்டாம் என்று கான்ஸ்டபிளிடம் சொல்லியிருந்தேன், போட்டுவிட்டார். பரவாயில்லை, குடித்துவிட்டேன். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். ஆனால் நெடுநேரம் பேச வேண்டியிருந்தால் தமிழ்தான் சௌகரியம். உங்களுக்கும் தமிழ் தெரிந்திருப்பது நல்லதாகப் போயிற்று.

என் பெயர் ஓஸ்வால்ட். வயது நாற்பத்தேழு. வீடு லிங்கராஜபுரத்தில். ரிங் ரோட்டில் இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் லேபில் பத்தொன்பது வருடமாக டெக்னீஷியன். எனக்குக் கை நடுக்கம் கிடையாது. வேலைக்கு எடுத்தபோது அதைத்தான் முதலில் சோதித்தார்கள். மிகச் சிறிய ஊசி ஒன்றைக் கொடுத்து நூல் கோக்கச் சொன்னார்கள். ஒரே தடவையில் கோத்தேன்.

ஆபரேஷனில் வெட்டி எடுப்பதெல்லாம் எங்கள் லேபுக்குத்தான் வரும். மார்பகப் புற்றுநோய் என்றால் கட்டியோடு, அக்குளிலிருந்து இரண்டு மூன்று நிணநீர்க்கணுக்களையும் எடுத்து அனுப்புவார்கள். காய்ச்சல் வந்தால் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த நெறிதான். அவரைக்கொட்டை அளவுதான் இருக்கும். நோய் கட்டியை விட்டுக் கிளம்பினால் முதலில் போய் இறங்குவது அங்கேதான். அதில் நோய் இருந்தால் ஒரு சிகிச்சை, இல்லாவிட்டால் வேறு சிகிச்சை. அதை நான் அளந்து, வெட்டி, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் வைத்துக் கொடுப்பேன். டாக்டர் ஃபாத்திமா மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். பதினைந்து வருடம் இதைத்தான் செய்தேன். ஒரு புகார் வந்ததில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு டாக்டர் சேஷகிரி வந்தார். ஆராய்ச்சிக்காரர். மாடியில் ஒரு அறையை வாங்கிக்கொண்டு புது மைக்ராஸ்கோப் ஒன்றை நிறுத்தினார். கணுவைச் சீவ வேண்டாம். ஒரு திரவத்தில் ஊறவைத்தால் அது கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். அந்தத் திரவம் பட்டை வாசனை அடிக்கும், பிரியாணிக் கடைக்குள் நுழைந்த மாதிரி. தெளிந்த கணுவுக்குள் தகடு போன்ற ஒளியைச் செலுத்தி, மேலிருந்து கீழ்வரை ஆயிரக்கணக்கில் படம் எடுப்போம். கம்ப்யூட்டர் அவற்றை அடுக்கி முப்பரிமாணத்தில் ஒரே உருவமாகக் கட்டிக் கொடுக்கும். அந்த உருவத்தைத் திருப்பலாம், கவிழ்க்கலாம், உள்ளே நுழையலாம்.

முதல் தடவை சேஷகிரி சார் என்னை உட்காரவைத்துக் காட்டினார். ஓரத்தைச் சுற்றி நிணநீர் ஓடும் வாய்க்கால். அதிலிருந்து உள்ளே கிளை பிரிகிற சந்துகள். ரத்தக்குழாய்கள் வந்து சேரும் இடம், அணுக்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் அறைகள். பதினைந்து வருடமாக என் கத்தியின் கீழே இவ்வளவு பெரிய ஊர் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதமே பாதி நாள் மாடி வேலை என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அங்கே ஒரு விதி உண்டு. ரிப்போர்ட் முடிந்த பிறகு மிஞ்சிய துண்டுகளை மட்டுமே ஆராய்ச்சிக்கு எடுக்கலாம். மிஞ்சியது என்றால் வெட்டுப்பட்டது. படத்தில் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவோம், பாதி வழியில் சட்டென்று அறுந்திருக்கும். நான் போட்ட வெட்டுதான். சேஷகிரி சார் பெருமூச்சு விடுவார்.

“ஒரே ஒரு முழுக் கணு, ஓஸ்வால்ட். முழுசா, தோலோட. அது கிடைச்சா போதும்.”

இதை அவர் உத்தரவாகச் சொல்லவில்லை. அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஜனவரியில் வனஜாவின் கணுக்கள் வந்தன. வயது முப்பத்தெட்டு, பொம்மசந்திராவில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. கட்டி சிறியது, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். கணுக்கள் மூன்று. இரண்டு சின்னவை. மூன்றாவது ஒரு கீறல்கூட இல்லாமல், சுற்றிலும் தோலோடு, உருண்டையாக இருந்தது. அறுவை செய்த டாக்டரின் கை அவ்வளவு சுத்தம். நான் அதை இடுக்கியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பிறகு ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு மூடிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எண்ணிக்கை மூன்று இருக்க வேண்டும். வேறொரு பெண்மணியின் ரிப்போர்ட் டிசம்பரிலேயே முடிந்திருந்தது, நோய் இல்லை என்று. அவருடைய அக்குளிலிருந்து எடுத்த மீதிக் கொழுப்பு இன்னும் ஜாடியில் கிடந்தது. விரலால் துழாவினால் அதில் தப்பிப்போன கணு ஒன்றாவது கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். கிடைத்தது. அதை வெட்டி வனஜாவின் இரண்டோடு சேர்த்து வைத்தேன். பத்து நிமிட வேலை. ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கணு சுத்தமாகத்தான் இருக்கும், கட்டி இவ்வளவு சிறியதாக இருந்தால். இதை யோசித்துத்தான் செய்தேன், குருட்டுத்தனமாகச் செய்யவில்லை.

ஒரு வாரத்தில் டாக்டர் ஃபாத்திமாவின் ரிப்போர்ட் வந்தது. மூன்று கணு, மூன்றிலும் நோய் இல்லை. அன்றைக்கே வனஜாவின் கணவர் பச்சைமுத்து ஒரு டப்பா மைசூர்பாகோடு லேப் வாசலில் வந்து நின்றார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அங்கே தமிழ் பேசுகிற ஆள் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“நீங்கதான் டெஸ்ட் பண்ணீங்களாமே சார். உங்க கைக்குத்தான் மொதல்ல குடுக்கணும்னு வனஜா சொல்லிச்சு. கீமோ வேணாமாம் சார், மாத்திரையும் கரன்ட் வைக்கிறதும் போதுமாம்.”

ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். என் போன் நம்பரைக் கேட்டார், கொடுத்தேன்.

முழுக் கணுவைத் தெளியவைக்க இரண்டு வாரம் பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குப் படம் திரையில் வந்தது. நான் தனியாக இருந்தேன். எந்தக் குழாயும் அறுந்திருக்கவில்லை. ஓர வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன். முக்கால்வாசிச் சுற்று முடிந்த இடத்தில் வாய்க்கால் அடைபட்டிருந்தது. நோய் அணுக்களுக்கு மட்டும் ஏறுகிற சாயம் அங்கே சிவப்பாகத் திரண்டிருந்தது. மூன்று மில்லிமீட்டர். அதிலிருந்து விரல்கள் மாதிரி உள்ளே இறங்கியிருந்தன.

எனக்கு முதலில் காது அடைத்தது. மெஷினின் விசிறிச் சத்தம் கேட்கவில்லை. எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கை கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் சில்லென்று இருந்ததா சுட்டதா என்று தெரியவில்லை. வாசலில் யாரோ நடந்து போனார்கள். அவர்கள் நின்றுவிடுவார்கள், கதவைத் தட்டுவார்கள் என்று நினைத்தேன். தட்டவில்லை. அதுவரைக்கும் பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்ததே இல்லை, ஐயா. வயிற்றுக்குள் ஐஸ்கட்டியை விழுங்கிய மாதிரி இருக்கும். கரையாது.

அன்று மத்தியானமே டாக்டர் ஃபாத்திமாவின் அறை வாசலுக்குப் போனேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன ஓஸ்வால்ட், ஏதாச்சும் சொல்லணுமா? முகமே சரியில்லையே.”

“பிளேடு மழுங்கிப்போச்சு மேடம். புதுசு ஆர்டர் போடணும்.”

“அதுக்கு எதுக்கு இவ்ளோ தயக்கம்? போட்டுடுங்க.”

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் வேறு ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். வேலை போகும், கேஸ் வரும். மகள் நிக்கோல் நர்சிங் படிக்கிறாள். அவள் காலேஜில் என் பெயர் பேப்பரில் வந்ததைப் படிப்பார்கள். மாத்திரையும் கதிர்வீச்சும் சும்மாவா, அவையும் நோயை அடக்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

சேஷகிரி சாரிடம் படத்தோடு கேஸ் நம்பரை மட்டும்தான் கொடுத்தேன்.

“ரிப்போர்ட் முடிஞ்சதுதானே?” என்று கேட்டார்.

“முடிஞ்சது சார்.”

அது பொய் இல்லை. மற்ற கணுக்களை வைத்தே நோய் இருப்பதாக ரிப்போர்ட் போயிருக்கும், இது கொழுப்பில் தப்பி மிஞ்சியது, அந்தப் பெண் கீமோவில் இருப்பாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “நோய் உள்ள நுழையற வழியே தெரியுது பாருங்க. இதே ஆளோட அடுத்த கணுவும் கிடைச்சா, எப்படிப் பரவுதுன்னு முழுசாச் சொல்லிடலாம்.” பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். “சேச்சே, அது கிடைக்கவே கூடாது. அவங்க நல்லா இருக்கட்டும்.”

நானும் ஆமாம் சார் என்றேன்.

அதன் பிறகு ஆறு மாதம் போன் அடித்தாலே எனக்குத் தூக்கிப்போடும். லிஃப்ட் கதவு திறக்கும்போது யார் வெளியே வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். பஸ்ஸில் யாராவது ஒருத்தி அக்குளைச் சொறிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும் நேரத்தில் உதடு மட்டும் அசையும்.

ஆகஸ்டில் பச்சைமுத்துவின் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் சந்திக்கலாம் என்று சொன்னேன். அவர்கள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். வனஜாவை அன்றுதான் முதல் தடவை நேரில் பார்த்தேன். கம்பெனிச் சீருடை, நெற்றியில் சின்னப் பொட்டு. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தார்.

“சும்னே பயந்துக்கினே இருக்குது சார்,” என்றார் பச்சைமுத்து. “ரெண்டு வாரமா சரியாச் சாப்புடறதே இல்ல. டாக்டர்கிட்ட போனா திரும்ப ஆஸ்பத்திரில படுக்க வெச்சுடுவாங்கன்னு வேற பயம். நீங்க சொன்னா கேக்கும்.”

“இங்க பாருங்கண்ணா.” வனஜா துப்பட்டாவை விலக்கினார். “கழுத்தெலும்புக்கு மேல. நெறி கட்டினாப்புல இருக்குது. ஆனா வலியே இல்லண்ணா. வலிச்சாக்கூடப் பரவால்ல. வலிக்காம இருக்குறதுதான் எனக்கு என்னமோ பண்ணுது.”

தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டேன். திராட்சை அளவு. கல்லு மாதிரி. அழுத்தினால் நகரவில்லை. என் விரலுக்கடியில் அவருடைய நாடி ஓடிக்கொண்டிருந்தது, குருவியைப் பிடித்த மாதிரி.

“ரிப்போர்ட்டு சரியாத்தானே இருந்துச்சு?” என்று கேட்டார். என் கண்ணையே பார்த்தார். “மூணுலயும் இல்லன்னுதானே போட்டிருந்தாங்க? மாறிகீறிப் போயிருக்காதே?”

“நானே என் கையால பண்ணினதும்மா.”

“அப்ப இது?”

“மழைக்காலம். சளி பிடிச்சா இப்படித்தான் நெறி கட்டும். டிசம்பர்ல செக்கப் இருக்குதுல்ல, அப்பக் காட்டிக்கலாம். இப்பப் போனா ஊசி அது இதுன்னு குத்துவாங்க, இருக்கறதும் கெட்டுப்போகும்.”

அவர் தோள் தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “உங்களுக்கு ரொம்பப் புண்ணியம்ணா,” என்றார். பச்சைமுத்து எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் நானே போன் செய்து விசாரித்தேன். இப்போது எவ்வளவு பெரிது, பக்கத்தில் வேறு ஏதாவது தட்டுப்படுகிறதா, இருமல் இருக்கிறதா என்று. பச்சைமுத்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லுவார். கம்பெனியில் எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாராம், பெரிய ஆஸ்பத்திரி ஆள், வாராவாரம் கூப்பிட்டுக் கேட்கிறார் என்று. அவர் சொன்னதை ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தேன். நீங்கள் எடுத்து வந்திருக்கிறீர்களே, அதுதான். திராட்சை, நாவற்பழம், கொட்டைப்பாக்கு. தேதியோடு இருக்கும்.

அக்டோபரில் நிக்கோல் அந்த நோட்டைப் பார்த்துவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன்.

“யாருப்பா இது? கழுத்தெலும்புக்கு மேலன்னு எழுதியிருக்கு. அங்க கட்டி வந்தா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதுன்னு எங்க மிஸ் சொல்லுவாங்க. ரெண்டு மாசமா வளருது. யாருமே காட்டலியா?”

“பழைய கேஸும்மா. ஆராய்ச்சிக்கு.”

“போன திங்கக்கிழமை தேதி போட்டிருக்குப்பா.”

அவள் நோட்டை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள். என் பெண் என்னைப் பார்த்துப் பயந்ததை அன்றுதான் பார்த்தேன். மறுவாரமே ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. அவளை விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வனஜா டிசம்பர்வரை தாங்கவில்லை. நவம்பர் இரண்டாம் வாரம், ஷிஃப்டில் நின்றுகொண்டிருந்தபோதே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கம்பெனிக்காரர்களே எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் கழுத்துக் கட்டியை அறுத்து எடுத்தார்கள். பத்து மாதம் கழித்து, அதே நம்பரோடு, என் மேஜைக்கு வந்தது. கொட்டைப்பாக்கு அளவு. முழுசாக, தோலோடு.

அங்கேதான் நான் தவறு செய்தேன். முன்பு மாதிரியே சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம். ஆனால் மாற்றுவதற்கு அந்த அளவில் வேறு கணு என்னிடம் இல்லை. அதனால் டாக்டர் ஃபாத்திமாவிடமே போய்க் கேட்டேன்.

“இதை வெட்டாம மாடிக்கு அனுப்பலாமா மேடம்? இது ரெண்டாவது கணு. மொதல்ல வந்ததுல இருந்ததோட வெச்சுப் பாத்தா சேஷகிரி சாருக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்.”

அவர் பேனாவை மூடினார். “மொதல்ல வந்ததுல என்ன இருந்துச்சு ஓஸ்வால்ட்? மூணுமே சுத்தம்னு நான்தானே எழுதினேன்.”

அவர் என்னைத் தாண்டி மாடிப்படி ஏறி சேஷகிரி சாரின் அறைக்குப் போனார். கால் மணி நேரம் நான் அதே இடத்தில் நின்றேன். ஓடியிருக்கலாம், ஆனால் ஓடவில்லை. அவர் இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். என்னைத் திட்டவில்லை. என்னிடமிருந்து தள்ளி, கதவோரமாக நின்றுகொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நான் பாத்த மூணாவது கணு யாரோடது?”

சொன்னேன். எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிட்டேன். ஒன்றைத் தவிர.

இப்போது வனஜாவுக்கு நுரையீரலிலும் முதுகெலும்பிலும் இருக்கிறது. மருந்து போகிறது. ஜனவரியிலேயே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் ஃபாத்திமா உங்களிடம் சொல்லியிருப்பார். போன வாரம் பச்சைமுத்து ஸ்டேஷனுக்கு வந்தார், நீங்களும் இருந்தீர்கள். அடிப்பார் என்று நினைத்து நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. “கணுவ மாத்தினது சரி சார், ஏதோ ஆசைல பண்ணிட்டீங்க. ஆகஸ்ட்ல அவ்ளோ கேட்டாளே, அப்ப ஏன் சார் இருக்கச் சொன்னீங்க?” என்று கேட்டார். பயத்தில் சொன்னேன் என்றேன். மாட்டிக்கொள்வேன் என்ற பயம். பயம் என்றால் அவருக்குப் புரிகிறது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நீங்களும் அதையே எழுதிக்கொண்டீர்கள். மனிதன் பயந்தால் என்ன வேண்டுமானாலும் செய்வான் என்று அந்தக் கான்ஸ்டபிளும் சொன்னார். எழுதினது எழுதினபடி இருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் வேலையில் தவறான ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆகஸ்டில் நான் பயப்படவில்லை. டீக்கடையில் அவருடைய கழுத்தில் விரல் வைத்த நிமிடத்தோடு, ஆறு மாதமாக வயிற்றில் கிடந்த அந்த ஐஸ்கட்டி காணாமல் போய்விட்டது. அவர் அப்போதே டாக்டரிடம் போயிருந்தால் மருந்து ஆரம்பித்துவிடுவார்கள். மருந்து ஏறினால் கணு சுருங்கும், உள்ளே எல்லாம் செத்துத் தழும்பாகிவிடும். படத்தில் ஒன்றும் தெரியாது. அது மருந்து படாமல் வளர வேண்டும். எவ்வளவு வளர்ந்தால் வழி முழுவதும் தெரியும் என்று நான் கணக்குப் போட்டேன். டிசம்பர் என்று வந்தது. அதனால்தான் டிசம்பர் என்று சொன்னேன்.

இதைச் செய்தது நான்தான், தெரிந்தே செய்தேன். இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நவம்பரில் நான் மாட்டிக்கொண்ட அன்று சாயங்காலம் டாக்டர் ஃபாத்திமா அந்தக் கழுத்துக் கணுவைத் தானே எடுத்துப் பலகையில் வைத்து, சரிபாதியாக வெட்டினார். அவர் கை நடுங்கியதால் வெட்டு கோணலாகப் போயிற்று. எல்லாக் குழாயும் அறுந்துபோயிருக்கும். வனஜாவைப் பற்றி நீங்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறதே என்று உங்களுக்கு ஆச்சரியம். அந்த வெட்டுத்தான் கண்முன்னால் வருகிறது, ஐயா.